லாரியில் போன கரடி

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகளின் பள்ளி வேன் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றது. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நேரத்தை வேன் டிரைவர்தான் பிறகு சொன்னார். "கரெக்டா நாலு பத்துக்கு வந்தேன்க்கா. ஹாரன்கூட அட்ச்சேன்" என்றார். அந்த ஹாரன் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு வந்திருக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதனை செய்கிறேன். வளையத்தை விளக்குக்கு எதிரே பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெடிப்போ, குமிழோ, பிசிறோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. அந்த வாரம் வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவதாக இருந்ததால் முந்தின நாள் சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்ட் பார்த்தேன். மறுநாள் விடிவதற்குள் மறுபடி முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் என்னைத் தெருவில் இறக்கிவிட்டபோது இரண்டே முக்கால். புடவைகூட மாற்றவில்லை. தெருமுனை தெரிகிற மாதிரி பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

திருமணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள் அவள். எனக்கு நாற்பத்தாறு வயது, அவளுக்கு ஏழு. நான் எதற்கும் பயப்படுகிறவள் என்று என் கணவர் சொல்வார். அது உண்மைதான். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. வேன் வருகிற நேரத்தில் தெருமுனையில் ஆள் இல்லாமல் இருந்ததே கிடையாது. நான் இல்லாவிட்டால் கணவர். அவரும் இல்லாவிட்டால் கீழ்வீட்டுப் பெண். வீட்டு ஆள் நிற்காவிட்டால் வேன் ஆயா பிள்ளையை இறக்கிவிட மாட்டாள். அதுதான் வழக்கம், அந்த வழக்கத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

கரடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு சாதாரணத் துணிக்கரடி. ஒரு முழ உயரம், மர நிறம், கழுத்தில் நீல ரிப்பன். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. அவள் தலை பின்ன உட்கார மாட்டாள், நெளிவாள், ஓடுவாள். அவளை உட்கார வைப்பதற்காக அந்தக் கரடியை வைத்து ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன். வலது சடையில் தொடங்கி இடது சடையில் நிறுத்திவிடுவேன். மிச்சம் மறுநாள்.

கதை இதுதான். ஒரு பொம்மைக் கம்பெனியில் ஒரு கரடி செய்தார்கள். கண் சரியாக இருக்கிறதா, காது பிய்யாமல் இருக்கிறதா, வயிற்றில் பஞ்சு போதுமா என்று எல்லாம் பார்த்து பச்சைத் தட்டில் வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்பு வைக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்தச் சோதனை எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஆகவே கரடி ஒன்றும் தெரியாமல் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்பு என்றால் என்ன என்று வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு திரிந்தது. குக்கரைக் கேட்டது. "மூணு தடவ கத்துறது" என்றது குக்கர். தண்ணீர் கேனைக் கேட்டது. "யாராவது நம்மளத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறது" என்றது கேன். இஸ்திரிப் பெட்டி, "சூடா இருக்கணும், ஆனா ஒரே எடத்துல நின்னுடக் கூடாது" என்றது. என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சடை கோணிவிடும். மறுபடி பின்னுவேன்.

இப்படி மாதக்கணக்கில் ஓட்டினேன். ஒரு நாள் அவள் பொறுமை இழந்து, "அது கத்துக்கிச்சா இல்லியாம்மா? சும்மா கேட்டுக்கினே கீது" என்றாள். எனக்கு அன்று கால் வலி. நின்றபடியே எட்டு மணி நேரம். அரை மணி நேரம் முன்புதான் தெருமுனையில் அவளுக்காக வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கத்துக்கிச்சு. அன்புன்னா ஒண்ணும் பெரிசில்ல. போனவங்க திரும்பி வர்ற எடத்துல போய் நிக்கிறது. அவ்ளோதான்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சீப்பு முடியில் மாட்டிக்கொண்டது. "அவ்ளோதானா?" என்று கேட்டாள். "அவ்ளோதான்" என்றேன். மறுநாள் முதல் பள்ளிக்குப் போகும்போது கரடியை பால்கனிக் கம்பியில் சாய்த்து, தெருமுனையைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போக ஆரம்பித்தாள். வேனிலிருந்து இறங்கியதும் முதலில் எனக்குக் கை காட்டுவாள், பிறகு அண்ணாந்து கரடிக்கு.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. இந்தப் பக்கத்துக் காற்றில் எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்டு. போன மழைக்காலத்துக்குப் பிறகு அது அதிகமானது. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, பஞ்சு பொம்மை இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள் என்றார். துவைத்துப் பார்த்தேன். வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தேன். கரடி காய மூன்று நாள் ஆனது, உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகிவிட்டது, அவளுடைய இரைப்பு அப்படியே இருந்தது.

கீழ்வீட்டில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். குழந்தை இல்லை. அவர் கம்பி லோடு ஏற்றிக்கொண்டு ஒடிசா பக்கம் போவார், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வருவார். நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள், லாரிகளின் முகப்பில் ஒரு பஞ்சு பொம்மையைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். சிலர் திருஷ்டிக்கு என்பார்கள், சிலர் அழகுக்கு என்பார்கள். இவர் வண்டியில் ஒரு குரங்கு இருந்தது. மழையில் நைந்து விழுந்துவிட்டது. ஒரு சாயங்காலம் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அக்கா, பாப்பாவோட பழய பொம்ம எதுனா இருந்தா குட்றியா? வண்டி மூஞ்சி மொட்டையா கீது. ஏத்திகினு போவவே பேஜாரா கீது" என்றார்.

யோசிக்கவே இல்லை. அவள் டியூஷனிலிருந்து வருவதற்குள் கரடியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் அழுவாள். அந்த அழுகையை உட்கார்ந்து கேட்க எனக்கு அன்று தெம்பு இல்லை. அதனால் கதையைக் கையில் எடுத்தேன். சடை பின்னிக்கொண்டே, "கரடி அன்பு வைக்கக் கத்துக்கிச்சு இல்ல? இப்ப மாமாவுக்குத் தொணையா போயிருக்கு. தனியா போறாரே பாவம்னு அதுவாத்தான் சொல்லுச்சு" என்றேன். அவள் அழவில்லை. இடது சடையை முடிக்கும்போது, "எப்ப வரும்?" என்றாள்.

"மாமா வர்றப்ப."

"எந்த வழியா வரும்?"

"எல்லா லாரியும் வர்ற வழிதான். எளாவூர் செக்போஸ்ட்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வேலையில் நான் அப்படி இல்லை. சத்தம் வராத குறைதான் பெரிய குறை என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நானே. வீட்டில் அவள் சத்தம் போடவில்லை என்றதும் பச்சைத் தட்டில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பதினோராம் நாள்தான் நான் தூங்கிப்போனது. முந்தின நாள் கீழ்வீட்டுப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து, எப்போதும்போலத் தெருவுக்கே கேட்க ஸ்பீக்கரில் போட்டுப் புருஷனோடு பேசியிருக்கிறாள். "நாளிக்கு சாயங்காலம் செக்போஸ்ட் தாண்டிடுவேன்" என்று அவர் சொன்னது, மேல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் காதிலும் விழுந்திருக்கிறது.

நாலு நாற்பதுக்கு விழித்தேன். முதலில் வெயில் சுவரில் தள்ளிப் போயிருப்பதைப் பார்த்தேன். பிறகு கடிகாரத்தை. பிறகு வீட்டுக்குள் ஓடி, பையைப் போட்டுவிட்டு எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள் என்று குளியலறை வரைக்கும் தேடினேன். தெருமுனைக்கு ஓடினேன். காலில் செருப்பு இல்லை என்பது இஸ்திரிக்காரர் வண்டி அருகே போனபோதுதான் தெரிந்தது.

"வேன் வந்திச்சேம்மா. நின்னுச்சு, போய்ட்ச்சு. பாப்பா எறங்கல" என்றார் அவர். "இன்னிக்கு லீவோன்னு நெனிச்சேன்."

வேன் டிரைவருக்குப் போன் அடித்தேன். ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். எடுக்கக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் வற்புறுத்தியதே நான்தான். பள்ளி ஆபீசில், "வேன் எப்பவோ கெளம்பிடுச்சே மேடம்" என்றார்கள். என் கணவர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை செய்கிறார். உள்ளே போகும்போது போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும், ஷிப்ட் முடிந்துதான் கைக்கு வரும். தெரிந்தும் ஐந்து தடவை அடித்தேன். ஏதோ ஒரு மரப்பெட்டிக்குள் அது அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பெண் வெளியே வந்தாள். தடா பக்கத்துக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"இன்னாக்கா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது.

"வாய்க்குள்ள பேசாதக்கா. பாப்பா வேன்லேந்து எறங்கல, அவ்ளோதான? அப்ப வேன்லதான் கீது. வேன் இன்னா கடலுக்கா போவுது?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி வேன் டிரைவருக்கு அடித்துப் பார்த்தேன். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வேன் டிரைவர் கூப்பிட்டார்.

"அக்கா, பாப்பா வந்து சேந்துட்டாங்களா?"

"எங்க சேந்துட்டாங்களா? என்னங்க சொல்றீங்க?"

அவர் அவசர அவசரமாகச் சொன்னார். பழைய ஆயா கல்யாணத்துக்கு லீவில் போயிருக்கிறாள். வந்திருப்பது புது ஆயா. தெருமுனையில் யாரும் இல்லாததால் "எங்க உங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "அம்மா இன்னிக்கு எளாவூர் செக்போஸ்ட்ல நிக்கிறாங்க, அங்க எறக்கி உட சொன்னாங்க" என்றிருக்கிறாள் என் மகள். வேன் கடைசியாகப் போவதும் அந்தப் பக்கம்தான். "டீக்கட ஆண்ட ஒரு அம்மா கை ஆட்னாங்கக்கா. நான் வண்டிய ரிவர்ஸ் எட்த்துகினு இருந்தேன், சரியா பாக்கல. ஆயா நீங்கதான்னு உட்டுட்ச்சு."

ஆந்திர எல்லைப் பக்கத்து அந்த ரோடு என் கண் முன்னால் வந்தது. கொல்கத்தா போகிற நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் வரிசையாக லாரிகள். ஒரு லாரி டயரைவிடக் கொஞ்சம்தான் அவள் உயரம்.

"ஏறு வண்டில" என்றாள் கீழ்வீட்டுப் பெண். அவளுடைய ஸ்கூட்டி வாசலிலேயே இருந்தது. நான் மாடிக்கு ஓடி இன்ஹேலரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் புருஷனுக்குப் போன் போட்டிருந்தாள்.

"எங்க கீற? நாயுடுபேட்டையா? சரி. செக்போஸ்ட்ல நிறுத்து. தாண்டிப் போய்டாத." வைத்துவிட்டாள்.

"ஏன் சொல்லல? அவரையும் பாத்துக்கிட்டே வரச் சொல்லலாம்ல?"

"வண்டி ஓட்றவங்கிட்ட சேதி சொல்லக் கூடாதுக்கா. நிறுத்துன்னு மட்டும்தான் சொல்லணும். எங்க மாமனார் போனப்பவும் அப்டித்தான் சொன்னேன்."

அந்தப் பயணம் இருபது நிமிடம் இருக்கும். அவள் தோளைப் பிடிக்காமல் இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் வருகிற லாரி ஒவ்வொன்றின் முகப்பிலும் ஏதோ ஒரு பொம்மை கட்டியிருந்தது. முயல், யானை, எது என்றே தெரியாமல் கறுத்துப்போன ஒன்று. இவ்வளவு பொம்மைகளை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த நாற்காலியைத் தூக்கி வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட்டேன். எந்த வண்டியின் ஹாரன் கேட்டாலும் எழுந்து நிற்கிறேன். கம்பெனி கேன்டீனில் சாப்பிடும்போதுகூட. பக்கத்தில் இருக்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை.

செக்போஸ்டுக்கு முன்னால் சாலையோரம் ஒரு தகரக் கூரை டீக்கடை. அதன் பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். சீருடை, கோணல் சடை, முதுகில் பை. பையின் வாரில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை பெஞ்சின் காலில் இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் ஆத்தாவா? நல்லா பெத்த போ. ஆட்டக் கட்ற மாறி கட்டி வெச்சுகிறேன். இல்லன்னா இன்னேரம் ரோட்டத் தாண்டியிருக்கும். எறங்குனதும் நேரா ரோட்டுக்குத்தான் போவுது. பையப் புட்ச்சு இழுத்தேன். எங்க போறன்னு கேட்டா, கரடி வரும், நான் அந்தாண்ட நிக்கணும்ன்னுது. சர்க்கஸ் எதுனா வருதா இன்னான்னு நானும் எட்டிப் பாத்தேன்."

வேன் டிரைவர் சொன்ன, கை ஆட்டிய அம்மா இவள்தான். வேனைப் பார்த்து அல்ல, பால்காரரைப் பார்த்து.

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அவளைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே காதில் விழுந்தது, அவள் நெஞ்சுக்குள் இருந்து வரும் அந்த விசில் சத்தம். அரைமணி நேரத்துக்கும் மேலாக லாரித் தூசியில் இருந்திருக்கிறாள். இன்ஹேலரை வாயில் வைத்தேன். ஒரு தடவை. பத்து எண்ணினோம். இன்னொரு தடவை. மறுபடி பத்து. எண்ணும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, வந்துகொண்டிருந்த லாரிகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சுக் கரடியை அப்புறப்படுத்தி நான் காப்பாற்ற நினைத்த நெஞ்சு அது.

மூச்சு கொஞ்சம் சீரானதும், "ஏன்டி இப்படிப் பண்ண?" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"நீ அங்க நிக்கல" என்றாள். "நின்னிருந்தா எறங்கியிருப்பேன்."

கீழ்வீட்டுப் பெண் திரும்பிக்கொண்டு செக்போஸ்டைப் பார்ப்பதுபோல நின்றாள்.

"வீட்டுக்குப் போலாம் வா."

"கரடி வரட்டும்."

"கரடிய மாமா வீட்டுக்கே எடுத்துட்டு வருவாரு."

"வர்ற எடத்துல போய் நிக்கணும்னு நீதான சொன்ன." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, மாமாகூடப் போறேன்னு அது சொல்லுச்சா? இல்ல நீ சொன்னியா?"

டீக்கடைப் பெண்மணி டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டாள். ஒரு லாரி கடந்து போகிற வரை காத்திருந்தேன். அந்தச் சத்தம் முடிந்ததும் வேறு வழி இருக்கவில்லை.

"நான்தான் சொன்னேன். பஞ்சுப் பொம்ம இருந்தா உனக்கு இரைப்பு வரும்னு டாக்டர் சொன்னாரு. சொன்னா நீ அழுவியேன்னு பொய் சொல்லிட்டேன். அது போகணும்னு சொல்லல. நான்தான் குடுத்துட்டேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கயிறு கட்டிய பையோடு பெஞ்சில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். "அப்ப அதுக்கு எங்க போறோம்னே தெரியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"நின்னு பாத்துட்டுப் போலாம்" என்றேன்.

கீழ்வீட்டுப் பெண் மறுபடி புருஷனுக்கு அடித்தாள். பாப்பா கிடைத்துவிட்டாள், ஒன்றும் இல்லை, நிதானமாக வா என்று சொல்வதற்கு. அவர் எடுக்கவில்லை. "பயந்துகினு ஓட்றாரு போல. எட்த்தா இன்னா சேதி வருமோன்னு எடுக்க மாட்டேன்றாரு" என்றாள். எட்டு தடவை அடித்துவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டீக்கடைப் பெண்மணி என் மகளுக்கு ஒரு பொறையும் பாலும் கொடுத்தாள். "தின்னு. இங்க வர்றவன்லாம் எனக்கு கிளாஸ் உடைக்கத்தான் வருவான். கட்டி வெச்சு நாஷ்டா போட்டது உனக்கு மட்டும்தான்." கயிற்றையும் அவளே அவிழ்த்தாள். பிறகு எங்களோடு நடந்து வந்து, கையைக் காட்டி இரண்டு லாரிகளை நிறுத்தி, ஆந்திராவிலிருந்து வண்டிகள் வருகிற மறுபக்கத்தில் எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

அங்கே நின்றோம். கால் கனத்தது. முந்தின நாள் காலையிலிருந்து நான் படுத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம்கூட வராது. கணவர் ஷிப்ட் முடிந்து கூப்பிட்டார். பாப்பா என்னோடுதான் இருக்கிறாள், பிறகு சொல்கிறேன் என்றேன். என் மகள் என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் விலகியும் நிற்கவில்லை. அவளுடைய தண்ணீர் பாட்டில் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

வண்டி வந்து அதில் கரடி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். பதினோரு நாள். மழை, வெயில், எண்ணெய்ப் புகை. கயிறு அறுந்து எங்கேயோ விழுந்திருக்கலாம். உடனே எனக்குள் ஒரு கதை தயாரானது. ஒடிசாவில் ஒரு சின்னப் பாப்பா அழுதுகொண்டிருந்தது, கரடி அங்கேயே இறங்கிக்கொண்டது. எவ்வளவு வேகமாக அது வந்தது என்பதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், அவள் அழும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி.

ஆறரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் கீழ்வீட்டுப் பெண், "அதோ" என்றாள். நெற்றியில் மஞ்சள் பட்டை அடித்த லாரி. வரிசையிலிருந்து விலகி, ஓரம் கட்டுவதற்கு முன்பே விளக்கு எரிய எங்களை நோக்கி வந்தது. என் மகள் முன்னால் ஓர் அடி வைத்தாள், நான் பையைப் பிடித்துக்கொண்டேன். முகப்பில் கயிறு மட்டும் இருந்தது. இரண்டு முடிச்சு, நடுவில் ஒன்றும் இல்லை.

பாட்டில் என் முழங்காலில் இடிப்பது நின்றுவிட்டது.

இன்ஜினை நிறுத்தாமலே டிரைவர் குதித்து இறங்கினார். கழுத்தில் துண்டு, கண் சிவந்திருந்தது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். எங்களை எண்ணிப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"யாரு?" என்றார்.

"இன்னா யாரு?"

"யாரு போய்ட்டாங்க? சொல்லித் தொலடி. நாயுடுபேட்டைலேந்து கைகாலு ஆடிகினே ஓட்டியாறேன்."

"யாரும் போவல. எல்லாரும் நல்லா கீறாங்க."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிறீங்க?"

அவருக்குப் புரியவே இல்லை. தனக்காக யாராவது சும்மா வந்து அந்த இடத்தில் நிற்பது அவருக்கு நடந்தே இருக்காது போல. என் மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "கரடி எங்க மாமா?" என்றாள்.

அவர் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேபினில் ஏறி, சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு இறங்கினார். நீல ரிப்பன் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் மட்டும், தலை வைத்துப் படுத்ததுபோல அமுங்கியிருந்தது. அவளிடம் கொடுக்கும்போது என்னைப் பார்த்து, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி சொன்னார்.

"ரெண்டே நாளுதாங்க்கா வண்டி மூஞ்சில கட்டியிருந்தேன். ஓட்றப்போ பூச்சியெல்லாம் வந்து அது மூஞ்சிலயே அடிக்குது. பாக்க முடியல. அவுத்து உள்ள வெச்சுகினேன்."